எந்தக் கட்சியும் கேட்காத நிறம்

மார்ச் 12

மூன்று மணி நேரம். வெறும் ஒரு நிறத்துக்காக மூன்று மணி நேரம்! எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது.

எங்கள் சிறுநீரக நோயாளிகள் சங்கத்துக்குப் புது இணையதளம் வரப்போகிறது. பழையது யாரோ என்றைக்கோ செய்தது. அதில் இருக்கும் டயாலிசிஸ் மையங்களில் பாதி மூடிப் போய்விட்டன. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருபது வருஷம் பக்கம் அமைத்தவள் என்பதால் புதுத் தளத்தின் தோற்றத்தை நான்தான் கவனிக்க வேண்டும் என்றார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்றைய கூட்டத்தில் முதலில் நீலம் என்றேன். செயலாளர் பான் பதறிப் போனார். "நீலம் வேணாம் யுன் அக்கா. நீலம்னா அந்தக் கட்சி. பச்சைக்காரங்க எல்லாம் நாளைக்கே சங்கத்தை விட்டுப் போயிடுவாங்க." சரி, பச்சை? எதிரே இருந்தவர் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "அது மட்டும் எப்படி?" என்றார், வாயில் பன்றிக்கறியோடு. ஆரஞ்சையும் ஒரு கட்சி எடுத்துக்கொண்டது. வெள்ளையையும் எடுத்துக்கொண்டது, எடுக்காவிட்டாலும் அது சாவு வீட்டு நிறம். மஞ்சளுக்கும் ஒரு கட்சி, போதாததற்குச் செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பணமும் அதே நிறம். சிவப்பு என்றதும் "கடலுக்கு அந்தப் பக்கத்துக் கம்யூனிஸ்ட் கொடி" என்று யாரோ முனகினார்கள். கடைசியில் சாம்பல் நிறம் என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எரித்த பிறகு மிஞ்சுவது! நோயாளிகள் சங்கத்துக்கு!

தலைவர் சுங் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "நமக்கு நடுநிலை முக்கியம், யுன் தங்கச்சி. யாருக்கும் சொந்தமில்லாத நிறமா ஒண்ணு கண்டுபிடிங்க."

தங்கச்சியாம். இவருக்கு என்னைவிட நாலு வயது குறைவு. இரண்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவருடைய அம்மா எங்களைப்போல நோயாளியாக இருந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு தகுதியில் தலைவர். எங்களைப்போலத் தண்ணீரை அளந்து குடிப்பவராக இருந்தால் இத்தனை கோப்பை தேநீர் உள்ளே போகுமா?

மார்ச் 14

இன்று டயாலிசிஸ். பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல அலுவான் அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் காலை உணவுக் கடை வைத்திருக்கிறாள். முட்டை அடை திருப்புவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது.

அவளிடம் கேட்டேன், சங்கத்தின் தளத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று.

"எனக்கு என்னடி வேணும்? புயல் வந்து பாலத்தை மூடிட்டா நான் எங்க போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிறது? எந்த மையம் திறந்திருக்கு, எவன் என்னைச் சேர்த்துப்பான்? அதைச் சொல்லச் சொல்லு. மத்தபடி தலைவர் மூஞ்சியெல்லாம் எனக்கு வேணாம்."

போனை எடுத்துப் பழைய தளத்தைத் திறந்து காட்டு என்றேன். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லையே! எனக்கும் அவளுக்கும் ஊசி ஏறுவது வலது கையில். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. போனைப் பிடிப்பதும் இடது கை, தட்டுவதும் அதே இடது கையின் கட்டைவிரல். அந்த விரலுக்குத் திரையின் கீழ்ப் பாதிதான் எட்டும். எல்லாத் தளத்திலும் மெனு எங்கே இருக்கிறது? மேலே, வலது மூலையில். அலுவான் அக்கா விரலை நீட்டி நீட்டிப் பார்த்தாள், போன் நழுவி மூக்கில் விழுந்தது. தாதி ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

ஆக, தெரிந்துவிட்டது. முக்கியமானதெல்லாம் கீழே, பெரிய பட்டன்களாக. சர்க்கரை நோயில் மங்கிய கண்ணுக்கும் தெரியும்படி தடித்த எழுத்து. முதல் பட்டன்: இன்று எந்த மையம் திறந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நாலு தாள் வரைந்தேன். கை வலித்தாலும் மனசுக்கு நன்றாக இருந்தது.

மார்ச் 29

நட்சத்திரப் பழம்!

காவ்ஷியுங் நகரத்திலிருந்து வடிவமைப்பாளர் மிஸ் தெங் முதல் மாதிரியைக் கொண்டுவந்தாள். முப்பது வயதிருக்கும், மரியாதையான பெண், குறை சொல்ல முடியாது. திரையை விரித்தாள். "ஆரோக்கியமா, புத்துணர்ச்சியா இருக்கட்டும்னு நினைச்சேன்." முகப்புப் பக்கம் முழுக்க வெட்டிய பழங்கள். நடுவில், தட்டளவு பெரிதாக, பளபளவென்று ஒரு நட்சத்திரப் பழத் துண்டு.

"அழகா இருக்கே," என்றார் தலைவர். "நட்சத்திரம் மாதிரி. நம்பிக்கைச் சின்னம்."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவராவது வாயைத் திறப்பார்களா என்று பார்த்தேன். தலையை ஆட்டுகிறார்கள்! முதல் நாள் டயாலிசிஸுக்குப் போனதும் தாதி சொல்லித் தருகிற முதல் பாடம் அது. அந்தப் பழத்தை மட்டும் தொடாதே. ஒரு துண்டு போதும், விக்கல் நிற்காது, அப்புறம் நினைவு போகும், அப்புறம் ஆளே போய்விடும். எங்கள் மையத்தின் சுவரில் அந்தப் பழத்தின் படத்தைப் போட்டுச் சிவப்புக் கோடு அடித்து ஒட்டியிருக்கிறார்கள். இங்கே அது நம்பிக்கைச் சின்னம்!

"இதைப் போடுறதுக்குப் பதிலா பூச்சிமருந்து டப்பாவைப் போடுங்க!" என்று கத்திவிட்டேன். மிஸ் தெங்கின் முகம் வெளுத்துப் போயிற்று. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னுடைய நாலு தாளையும் அவளிடம் கொடுத்தேன். புரிந்துகொண்டாள். "கீழேயே வெச்சிடலாம் அக்கா, கஷ்டமே இல்ல," என்றாள். தலைவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அப்புறம். முதல்ல நிறம்," என்றார்.

ஏப்ரல் 9

நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் காட்டினோம். வேண்டாமாம். இரண்டு பக்கமும் சேர்ந்து திட்டுமாம்.

ஏப்ரல் 30

தலைவர் உரை. ஊரில் எந்தச் சங்கத்தின் தளத்தைத் திறந்தாலும் அது இருக்கும் என்பது எனக்கும் தெரியும். கோட்டு, கழுத்துப்பட்டை, பின்னால் புத்தக அலமாரி, "அன்பார்ந்த உறுப்பினர்களே" என்று ஒரு கடிதம். இருக்கட்டும், எங்கேயாவது உள்ளே இருக்கட்டும். எங்கள் தலைவருக்கு முகப்பிலேயே வேண்டுமாம். திரையை அடைத்துக்கொண்டு.

"உறுப்பினர்களுக்கு ஒரு தைரியம் வரும், தங்கச்சி. திறந்ததும் தலைவர் முகம். குடும்பம் மாதிரி."

"தலைவரே, பாலம் மூடியிருக்கிறப்ப உங்க முகத்தை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

பான் என் காலை மேசைக்கடியில் மிதித்தார். மெல்ல, மரியாதையாக, ஆனால் மிதித்தார்.

முடிவு இதுதான். மேலே தலைவர். கீழே, கட்டைவிரல் எட்டும் இடத்தில், நன்கொடையாளர் பெயர்கள் ஓடும். மையங்களின் பட்டியல் மேல் மூலை மெனுவில், 'சேவைகள்' உள்ளே, 'அவசரம்' உள்ளே. எழுத்து மெலிதாக இருந்தால்தான் மிடுக்காக இருக்குமாம். அலுவான் அக்காவின் கண்ணுக்கு அது கோடு மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

எதிர்த்து ஓட்டுப் போட்டது நான் மட்டும். வெளியே வந்ததும் இரண்டு பேர் ரகசியமாக, "நீங்க சொன்னதுதான் யுன் அக்கா சரி," என்றார்கள். உள்ளே எங்கே போயிற்று அந்த வாய்?

மே 21

அதிசயம். நிறம் கிடைத்துவிட்டது. தலைவரே கொண்டுவந்தார், ஒரு சின்ன அட்டையில். ஊதா. கத்தரிக்காய்த் தோலில் கொஞ்சம் வெளிச்சம் பட்டதுபோல ஒரு ஊதா.

"எந்தக் கட்சியுமில்ல. விசாரிச்சுட்டேன்," என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது மனிதருக்குக் கண் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஜூலை 1

திறப்பு விழா. ஒரு கணினித் திரைக்குச் சிவப்புத் துணி போர்த்தி, அதைத் தலைவர் இழுத்தார். கைத்தட்டல். பின்னால் பேனர் பிடித்துக்கொண்டு குழுப் படம், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. நான் தூக்கவில்லை.

ஜூலை 25

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

திங்கட்கிழமை இரவு புயல். காலையில் பாலத்தை மூடிவிட்டார்கள். எங்கள் மையத்தில் மின்சாரம் போய்விட்டது, தொலைபேசியும் போய்விட்டது. நான் டவுனில் இருப்பதால் நடந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி, இடது கையில் போன். ஓயவில்லை. சங்கத்தில் பாதிப் பேரிடம் என் எண் இருக்கிறது. "யுன் அக்கா, எங்க போறது?" "யுன், அந்த மையம் திறந்திருக்கா?" ஏன், தளம் இருக்கிறதே, பார்க்கலாமே? பார்த்தார்களாம். "தலைவர் படம்தான்மா வருது." ஒருத்தர் அழுதேவிட்டார். பான் உள்ளே பட்டியலை அன்றன்றைக்குச் சரியாகத்தான் வைத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் முடியவில்லை.

அலுவான் அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பதினோரு தடவை. பதினோரு தடவையும் நான் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன்.

அவளாக ஒரு காய்கறி லாரியில் ஏறி, மேல்பக்கச் சாலை வழியாக ஒரு மையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே தண்ணீர் இல்லை. அடுத்த ஊருக்குப் போனால் அங்கே ஆளே இல்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் எங்களுக்கு வழக்கமாகவே டயாலிசிஸ் கிடையாது, உடம்பில் அவ்வளவு நீர். நுரையீரலுக்குள் ஏறிவிட்டது. தீயணைப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். இப்போது ஐசியூ. வாயில் குழாய்.

அவளுடைய கடையிலிருந்து எட்டு நிமிஷத்தில் ஒரு மையம் இருந்தது. திறந்திருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது! அந்தப் பட்டியலில் நாலாவது பெயர்.

ஐயோ, எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை 30

குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினாள். திட்டுகிறாள் என்று புரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

மதியம் தலைவர் வந்தார். ரிப்பன் கட்டிய பழக்கூடை, வாழைப்பழமும் முலாம்பழமும். சிறுநீரகம் செத்தவளுக்கு, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம்! தாதி அதை அப்படியே வாசலில் வாங்கிக்கொண்டாள். கூடவே கேமராவோடு ஒரு ஆள். இவர் கட்டில் பக்கம் குனிந்து அலுவான் அக்காவின் கையைப் பிடித்தார், அந்த ஆள் மூன்று தடவை கிளிக்.

"இதை முகப்புல போடலாம், தங்கச்சி. சங்கம் கூடவே நிக்குதுன்னு தெரியும்."

என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. "அழிங்க" என்று ஆரம்பித்தேன். கேமரா ஆளின் சட்டையைப் பிடித்ததாகப் பிறகு தாதி சொன்னாள். அழித்தார்கள். என் கண் முன்னால், மூன்றையும்.

ஆகஸ்ட் 8

நாற்சந்தியில் சிக்னல். ஸ்கூட்டரை நிறுத்தித் தலையைத் தூக்கினேன்.

ஊதா.

இரண்டு மாடி உயரத்துக்கு ஊதா. அதே கத்தரிக்காய் ஊதா. அதே கோட்டு, அதே கழுத்துப்பட்டை, அதே புத்தக அலமாரி. 'மாவட்டக் கவுன்சில் சுயேச்சை வேட்பாளர் சுங்.' கீழே அதே வாசகம், எங்கள் முகப்பில் உள்ள அதே வாசகம்: 'குடும்பம்போல உங்களோடு.'

பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

அடப்பாவி! மார்ச்சிலிருந்து மே வரை எங்களை நீலம் கூடாது, பச்சை கூடாது என்று ஆட்டிவைத்தாயே! யாருக்கும் சொந்தமில்லாத நிறம் வேண்டும் என்றாயே! உனக்குச் சொந்தமாக்கிக்கொள்ளத்தானா? எங்கள் சங்கத்தின் முகத்தை எடுத்து உன் தேர்தல் பலகையாக்கிக்கொண்டாயே, அதில் அலுவான் அக்காவின் மூச்சு அல்லவா போகப் பார்த்தது!

வீட்டுக்கு வந்து மிஸ் தெங்கைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் அக்கா. ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார். பலகை ஏப்ரல்லயே முடிஞ்சிடுச்சு. தளமும் அதே மாதிரி வரணும்னு சொன்னார்."

ஏப்ரலிலேயே!

ஆகஸ்ட் 20

செயற்குழு. கேட்டேன். நேராகவே கேட்டேன். முகப்பிலிருந்து அந்த முகத்தை எடுங்கள், பட்டியலைக் கீழே கொண்டுவாருங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்றேன்.

தலைவருக்குக் கோபமே வராது. அதுதான் இன்னும் எரிச்சல். "நிறம் ஒத்துப்போனது தற்செயல்," என்றார். "புயல் இயற்கை." பான் நடுவில் புகுந்து பூசி மெழுகினார். "நவம்பர்ல தேர்தல் முடிஞ்சதும் மாத்திடலாம் அக்கா. இப்ப மாத்தினா எல்லாருக்கும் சங்கடம்."

"புயல் நவம்பர் வரைக்கும் காத்திருக்குமா பான்? சங்கடமா இருக்கும்னு வேற பக்கம் போயிடுமா?"

சாப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் வளையத்தைக் கழற்றுகிற சத்தம் மட்டும். முதுகெலும்பே இல்லாத கூட்டம்!

மாலையில் ஒரு செய்தி வந்தது. என் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, இணையதளப் பொறுப்பிலிருந்து எனக்கு ஓய்வு அளிக்கப்படுகிறதாம். ரொம்ப அக்கறை.

ஆகஸ்ட் 29

அலுவான் அக்கா நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். குரல் இன்னும் கரகரவென்று இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ஊதா, ஓய்வு, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பொதுக்குழு எப்ப?" என்றாள்.

"ஏழாம் தேதி. உனக்கு இன்னும் உடம்பு—"

"எனக்கு உடம்பு எப்படின்னு எனக்குத் தெரியும். நீ வாயை மூடிட்டு என்னைக் கூட்டிட்டுப் போ. நீ பேசினா சண்டை வரும்."

செப்டம்பர் 7

சமூகக்கூடம் நிறைந்திருந்தது. சாப்பாட்டுப் பெட்டியும் துவாலையும் இலவசம் என்றால் எங்கள் ஆட்கள் சக்கர நாற்காலியிலும் வந்துவிடுவார்கள். தலைவர் ஊதாச் சட்டை போட்டிருந்தார். வெட்கமே கிடையாது.

பெரிய திரையில் தளத்தைக் காட்டி, இந்த ஆண்டின் சாதனை என்றார். கேள்வி உண்டா என்று சும்மா மரியாதைக்குக் கேட்டார். அலுவான் அக்கா எழுந்து நின்றாள். நான் தாங்கிக்கொண்டேன். தன் போனை நீட்டினாள்.

"தலைவரே, எனக்குக் கண்ணு சரியில்ல. இப்ப புயல்னு வெச்சுக்கோங்க. நான் எந்த மையத்துக்குப் போகணும்? இதுல பார்த்துச் சொல்லுங்க."

"அதுக்கென்ன அக்கா, தாராளமா." சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்து போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"வலது கை கூடாது," என்றாள் அலுவான் அக்கா. "அதுல ஊசி இருக்கு."

தலைவருக்குப் புரியவில்லை. கூட்டத்துக்குப் புரிந்தது. பின் வரிசையில் ஒரு கிழவர் கத்தினார்: "வலது கையைக் கீழே வைங்க தலைவரே!" வைத்தார். இடது கையால் தட்டினார். அவருடைய முகம்தான் வந்தது. விரலை மேல் மூலைக்கு நீட்டினார், போன் வழுக்கியது, அனிச்சையாக வலது கை வந்து பிடித்தது.

"ஊசி! ஊசி பிச்சுக்கிச்சு!" "ரத்தம் கொட்டுது பாருங்க!" "தாதியைக் கூப்பிடுங்க!" கூடமே அலறியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடி ஆரம்பித்தார். நன்கொடையாளர் பெயரில் விரல் பட்டு எங்கோ போனார், திரும்பி வந்தார், மறுபடி அவருடைய முகம். நெற்றியில் வேர்த்துவிட்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை, பான்கூட. பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். மனிதரின் முகத்தில் என்ன ஒரு வெற்றி! போனைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க அக்கா, இருக்கே! இங்கதான் இருக்கு!"

"இருக்கு," என்றாள் அலுவான் அக்கா. "நான் அதுக்குள்ள ஐசியூவுல இருந்தேன்."

தலைவர் போனைத் திருப்பிக் கொடுத்தார், இந்த முறையும் இரண்டு கையால்.

பட்டியலை முகப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஓட்டு எடுத்தார்கள். கை தூக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் எப்போதும் ஊசி ஏறாத நல்ல கையைத்தான் தூக்குவார்கள். சிலருக்கு இடது, சிலருக்கு வலது. எண்ணுவதற்குள் பானுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 10

பொறுப்பு மறுபடி எனக்கு. உடல்நிலை தேறிவிட்டதாம்! மிஸ் தெங் கூலியே வேண்டாம் என்று பழைய நாலு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவர் உரை மூன்றாவது அடுக்குக்குள் போயிற்று. தேட வேண்டுமானால் தேடிக்கொள்ளட்டும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பான் தொண்டையைச் செருமினார். "ஊதாவை எடுத்துட்டா... அப்புறம் என்ன நிறம் வைக்கிறது?"

மறுபடியுமா! நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் தாய்ச்சி உடற்பயிற்சி பழகிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறக்கிற ஆளின் பெயரை எழுதி முகப்பில் போடுவேன் என்றேன். அப்புறம் கையைப் பார்த்தேன். காலையில் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி அயோடின் காய்ந்து கிடந்தது, பழுப்பாக.

"இது எந்தக் கட்சி?" என்று கையை நீட்டினேன். பான் குனிந்து நன்றாகப் பார்த்தார். யோசித்தார். "எந்தக் கட்சியுமில்ல," என்றார்.

வெளிர் மஞ்சள்கூடக் கலக்காத பாலேட்டு நிறப் பின்னணி, அதில் அயோடின் பழுப்பு எழுத்து. தடிமனாக. மிஸ் தெங் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ரொம்பப் பழைய காலமா இருக்கு அக்கா," என்றாள். படிக்க முடிகிறதா என்றேன். "அந்த மூலையிலிருந்தே படிக்கலாம்," என்றாள்.

செப்டம்பர் 12

அலுவான் அக்காவிடம் காட்டினேன். "சோயா சாஸ் கொட்டின மாதிரி இருக்கு," என்றாள். கட்டைவிரலால் ஒரு தட்டு. பட்டியல் வந்துவிட்டது. இன்னொரு தட்டு, மையத்துக்கே போன் போய்விட்டது. யாரோ எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றார்கள். அவசரமாக வைத்துவிட்டு இருவரும் திருட்டுப் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபர் 3

புயல். ஜூலையில் வந்ததைவிடப் பெரிது. எச்சரிக்கை வந்ததும் தேர்தல் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கே பாலத்தை மூடிவிட்டார்கள். எங்கள் மையமும் இன்று இல்லை.

விடியும் முன்பே எழுந்து போனை முழுதாகச் சார்ஜ் செய்தேன். இன்னொரு பேட்டரியும் எடுத்துக்கொண்டேன். பட்டியலைத் தாளில் எழுதி மடியில் வைத்துக்கொண்டேன், யார் எங்கிருந்து கேட்டாலும் டக்கென்று சொல்ல. பெரிய ஆஸ்பத்திரி நாற்காலியில் ஊசி ஏறியதும் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை.

எட்டு மணி, ஒன்பது மணி. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், நாலு கோடும் இருந்தது. தாதியை என் எண்ணுக்கு ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தது. பத்து மணிக்கு மேல் பயம் வந்துவிட்டது. நானே அலுவான் அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மலைப்பக்கம் மண் சரிந்ததாகத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், இங்கே ஊசியோடு கட்டிப்போட்டதுபோல நான்.

மதியம் இரண்டு மணிக்கு எடுத்தாள். தூக்கக் கலக்கமான குரல்.

"என்னடி?"

"என்னடியா? எங்க இருக்க நீ? உயிரோட இருக்கியா?"

"கத்தாதே. பக்கத்து நாற்காலிக்காரர் தூங்கறார். காலையில ஏழு மணிக்கே வந்துட்டேன், எங்க ஊர் மையம்தான், எட்டு நிமிஷம். முடிஞ்சிடுச்சு. இப்ப கஞ்சி குடுத்தாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விடிந்ததிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள்!

"ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணலையா உனக்கு? நான் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"உன்னை எதுக்குடி கூப்பிடணும்?" என்றாள் அலுவான் அக்கா. "அதான் தளத்துலயே போட்டிருக்கே."

போனை வைத்துவிட்டாள்.